முடிதிருத்தம், அழகுக்கலை: கடையில் பழகலாமா, காசு கட்டிப் படிக்கலாமா?

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு கைக்கு வந்ததும், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் இந்தப் பேச்சு எழும். "தம்பிக்குப் படிப்புல நாட்டமில்ல. டவுன்ல தெரிஞ்ச கடை இருக்கு, தொழில் பழக விட்டுடலாமா? இல்ல, ஈப்போவுல கோர்ஸ் இருக்காமே, காசு கட்டிடலாமா?" மகளாக இருந்தால் கேள்வி கொஞ்சம் மாறும். "புருவம் எடுக்க, மேக்கப் போட மூணு நாள் கோர்ஸ் போதும்னு சொல்றாங்களே, போதுமா?"

கேட்பதற்கு இது நல்ல நேரம். நம் முடிதிருத்தும் கடைகள் நெடுங்காலம் இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளர்களை நம்பி நடந்தவை. அவர்களை வரவழைக்கும் அனுமதி பல ஆண்டுகள் நின்றிருந்து, முடிதிருத்தம், துணிக்கடை, நகைக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் 2023-இல்தான் மீண்டும் திறந்தது. இன்றும் பல கடைகளில் நாற்காலி இருக்கிறது, அதன் பின்னால் நிற்க ஆள் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முதலாளிகள் முன்பைவிட இப்போது மனம் வைக்கிறார்கள்.

வழிகள் நான்கு: கடையில் தொழில் பழகுவது, சமூகக் கல்லூரியின் குறுகிய காலப் பயிற்சி, அரசின் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். தரும் தனியார் அகாடமி, கைப்பேசிக் காணொளி. இங்கே கணக்குகளை சுங்கை சிப்புட்டை வைத்துப் போட்டிருக்கிறோம். தாப்பா, தெலுக் இந்தான், சுங்கை பட்டாணி வாசகர்கள் தூரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

## எதை வைத்து அளப்பது

எல்லாரும் முதலில் கட்டணத்தைக் கேட்கிறார்கள். நாங்கள் அதைக் கடைசியில் கேட்கச் சொல்வோம்.

முதல் அளவுகோல், எத்தனை உயிருள்ள தலைகள் பிள்ளையின் கைக்கு வரும், அப்போது பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருக்குமா என்பது. புதிதாகப் பழகுபவருக்கு ஒரு ஃபேட் (கீழிருந்து மேலாக முடியின் நீளம் படிப்படியாகக் கூடும் வெட்டு) வெட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். கடையில் அதை அரை மணிக்குள் முடிக்க வேண்டும். அந்த வேகம் நூறு தலைக்கு முன்னால் வராது. பயிற்சிப் பொம்மைத் தலையில் சுழி கிடையாது, பிடரியில் முடி திசை மாறி வளராது, காதைத் திருப்பாது, அழாது. ஒரு பொம்மைத் தலையை நீளத்திலிருந்து குட்டை வரை நான்கைந்து முறை வெட்டினால் அது தீர்ந்தது.

இரண்டாவது, சாயம், சுருளை நேராக்கும் ரிபாண்டிங் போன்ற ரசாயன வேலையை யார் கற்றுத்தருகிறார், காரணத்தோடு கற்றுத்தருகிறாரா என்பது. கத்தரி தவறினால் மூன்று வாரத்தில் முடி வளர்ந்துவிடும். ரசாயனம் தவறினால் தலைத்தோல் புண்ணாகும், முடி வேரோடு ஒட்டி முறியும். எங்கள் முடிவு முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது: வெட்டும் கை கடையில் படியும், ரசாயனத்தை ஒழுங்காகப் பாடம் நடத்தும் இடத்தில்தான் கற்க வேண்டும்.

மூன்றாவது, சுத்தம். நான்காவது, சான்றிதழ். ஐந்தாவதாக மொத்தச் செலவு. அதில் கட்டணம் சிறிய பங்குதான். சம்பளமில்லாமல் போகும் மாதங்களைச் சேர்த்துப் பாருங்கள். இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் படித்தால் 10,200 ரிங்கிட், ஓராண்டென்றால் 20,400 ரிங்கிட் வீட்டுக்கு வராது. விளம்பரத் தாளில் இந்த எண் இருக்காது.

## கடையில் தொழில் பழகுவது

முதல் மாதம் பெருக்குவது, துண்டு துவைப்பது, தண்ணீர் தெளிப்பது, வாடிக்கையாளருக்குத் துணி கட்டுவது. பெற்றோருக்கு இது வீணாகத் தெரியும். துணியை இறுக்கமாகவும் கழுத்தை நெரிக்காமலும் கட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பிறகு பிடரிக் கோடு வளையாமல் வரும். அதற்குப் பிறகு கிருதா, பிடரி சுத்தம் செய்வது, சிறுவர்களுக்கு ஒரே நம்பரில் மிஷின் போடுவது, தைப்பூசம் நெருங்கினால் மொட்டை.

மொட்டை எளிது என்று நினைப்பவர்கள் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டில் கீறிவிடுவார்கள். முதலில் மிஷினால் ஒட்ட எடுத்து, வெந்நீரில் நனைத்த துண்டை வைத்துத் தோலை இளக்கி, மற்ற கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் முடி வளரும் திசையிலேயே கத்தி போக வேண்டும். எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால் சுருள் முடிக்காரர்களுக்கு முடி தோலுக்குள் திரும்பி வளர்ந்து பரு பருவாக எழும். நம் ஆட்களின் தாடியிலும் பிடரியிலும் இது மிகச் சாதாரணம். கடையின் மேல் பழி வருவதும் இதனால்தான்.

ஃபேட்டுக்கு வருவோம். மிஷினில் மாட்டும் சீப்பு எண்களை மில்லிமீட்டரில் மனப்பாடம் செய்ய வேண்டும்: அரை நம்பர் 1.5, ஒன்று 3, ஒன்றரை 4.5, இரண்டு 6, மூன்று 10, நான்கு 13. கீழே சீப்பில்லாமல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் ஒரு விரல் அகலம் நம்பர் ஒன்று, அதற்கு மேல் இரண்டு. பிறகு இடையில் தெரியும் கறுப்புப் பட்டையை நம்பர் ஒன்றரையால், மிஷினின் லீவரைத் திறந்து மூடி, கையை வெளிப்பக்கமாகச் சுழற்றி எடுத்து அழிக்க வேண்டும். பழகாத கை மிஷினைத் தலையோடு ஒட்டி நேராக மேலே ஓட்டும். மண்டை வளையும் இடத்தில் பள்ளம் விழும். பின்மண்டை தட்டையான பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் முடியைச் சற்று அதிகம் விட்டால்தான் உருவம் வரும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் முதலாளி பக்கத்தில் நின்று "அங்க கைய எடு" என்று சொல்லும் நொடியில்தான் பிடிபடும். கறுத்த தலைத்தோலில் கறுத்த முடியின் கோடு மங்கிய வெளிச்சத்தில் தெரியாது. நல்ல கடையில் மேல் விளக்கோடு பக்கவாட்டிலும் விளக்கு இருக்கும்.

கடையில் கிடைக்காதவை மூன்று. காரணம் சொல்லித்தரும் பழக்கம் குறைவு. பெண்களின் நீள முடியில் அடுக்கு வெட்டு அநேகமாக வராது. சாயம் பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கலக்குவதோடு நின்றுவிடும். ஆண்கள் கடைகளில் பெண் பிள்ளைகளுக்கு இடமும் அரிது. அவர்கள் பெண்கள் அழகு நிலையத்தில் உதவியாளராகத்தான் சேர முடியும்.

மறைவான செலவு, வாய்ப்பேச்சு ஒப்பந்தம். முதல் மாதம் கைச்செலவுக்காசு, பிறகு பார்க்கலாம் என்பார்கள், அந்தப் பிறகு இரண்டாண்டு ஆகும். சேரும்போதே எழுதி வாங்குங்கள்: எத்தனையாவது மாதம் நாற்காலி, எப்போது சம்பளம் அல்லது பங்கு, ஓய்வுக்காலச் சேமிப்பான இ.பி.எஃப்., தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ எப்போது தொடங்கும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் விடுமுறை கிடைக்காது. செவ்வாய், வெள்ளியில் நம்மவர்கள் பலர் முடி வெட்டமாட்டார்கள் என்பதால் பழகுவதற்கு அந்த நாட்களே தோது. அன்றைக்குக் கடையில் தம்பிக்குத் தலை கொடுப்பார்களா என்றும் கேளுங்கள்.

பிள்ளையை விடுவதற்கு முன் ஒரு மணி நேரம் அந்தக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடுகிறார்களா? பழைய பிளேடு மூடியுள்ள டப்பாவுக்குப் போகிறதா, குப்பைத்தொட்டிக்கா? மிஷினின் முடியைத் தட்டிவிட்டு, பிறகு கிருமிநாசினி தெளிக்கிறார்களா? துண்டு மாறுகிறதா? ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். உலர்ந்த ரத்தத் துளியும் ஆபத்துதான். முடியோடு இருக்கும் கத்தரியின் மேல் மருந்து தெளித்தால் வேலை செய்யாது, முதலில் கழுவித் துடைக்க வேண்டும், பிறகு மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் ஈரம் நிற்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத கடையில் பிள்ளை முதலில் கற்பது கெட்ட பழக்கத்தைத்தான், அதைப் பின்னால் மாற்றுவது கற்பதைவிடக் கடினம்.

## சமூகக் கல்லூரியின் குறுகிய காலப் பயிற்சி

சுங்கை சிப்புட்டிலேயே சமூகக் கல்லூரி இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிகள் வயது, தேர்ச்சி பார்க்காமல் பொதுமக்களுக்கும் உண்டு. கட்டணம் மற்ற எதையும்விடக் குறைவு. ஒன்றிரண்டு நாளில் அடிப்படை ஒப்பனை, முக அழகு, முடி வெட்டு என்று ஒவ்வொன்றாக நடக்கும்.

இதை ருசி பார்க்கும் கரண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு நாள் முழுக்க நின்று செய்யும் வேலை ஒத்துவருமா, பிறர் தலையைத் தொடக் கூச்சம் இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் தெரிந்துவிடும். வீட்டிலிருந்தே கல்யாண வீட்டு ஒப்பனை, நூல் போட்டுப் புருவம் எடுப்பது என்று தொடங்க நினைக்கும் அம்மாக்களுக்கும் பொருத்தம். ஆனால் கிடைப்பது பங்கேற்றதற்கான சான்றிதழ், எஸ்.கே.எம். வேறு. போதிய ஆள் சேர்ந்தால்தான் வகுப்பு திறக்கும். இரண்டு வகுப்புக்கு இடையில் மாதங்கள் ஓடும், அதற்குள் கை மறந்துவிடும். மூன்று நாள் கோர்ஸ் போதுமா என்ற கேள்விக்குப் பதில்: நூல் பிடிக்கப் போதும், அதற்குப் பிறகு ஐம்பது புருவம் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் இலவசமாக எடுத்தால்தான் காசு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஓரிரு நாளில் வெள்ளையாக்கும் ஊசி, முகத்தில் போடும் ஊசி கற்றுத்தருகிறோம் என்று வரும் வகுப்புகளுக்குப் போகாதீர்கள். ஊசி போடுவது மருத்துவரின் வேலை. அழகுக்கலைஞர் செய்தால் சட்டம் பாயும், வாடிக்கையாளரின் முகமும் போகும்.

## தனியார் அகாடமி, எஸ்.கே.எம்.

எஸ்.கே.எம். என்பது திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. வழங்கும் சான்றிதழ், மூன்று நிலைகள். அதற்கு மேல் டிப்ளோமா. முடி அலங்காரமும் அழகுப் பராமரிப்பும் தனித்தனிப் பாடங்கள், ஒன்றை எடுத்தால் மற்றது வராது. அகாடமி பெயர் பெரிதாக இருப்பதில் பயனில்லை. அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட நிலைக்கு ஜே.பி.கே. அங்கீகாரம் இன்று நடப்பில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரம் இருந்தால்தான் அரசின் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடனுக்கு விண்ணப்பிக்க முடியும். அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும்.

அகாடமிக்குப் போவதன் முழுப் பலனும் ரசாயனப் பாடத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. நம் முடி நிற அளவில் ஒன்று, இரண்டு. அளவு பத்துவரை போகும், எண் கூடக் கூட நிறம் வெளிறும். ஒரு பெண் வந்து சாம்பல் கலந்த பழுப்பு வேண்டும் என்கிறாள். அதற்கு முடியை வெளிறவைக்க வேண்டும். வெளிறும்போது கறுப்பு முதலில் சிவப்பாகும், பிறகு செம்மஞ்சள், கடைசியில் மஞ்சள். பாதி வழியில் நிறுத்தி மேலே சாம்பல் நிறம் பூசினால் சேற்று நிறம் வரும். ஏற்கெனவே சாயம் போட்ட முடியில் புதுச் சாயம் பழைய நிறத்தை வெளிறச் செய்யாது, அதற்கும் வெளிறவைக்க வேண்டும். சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் பத்து வால்யூம் என்றால் 3 விழுக்காடு பெராக்சைடு, இருபது 6, முப்பது 9, நாற்பது 12. நரை மறைக்க இருபது போதும். சீக்கிரம் முடியட்டும் என்று நாற்பதைத் தலைத்தோலில் வைப்பதுதான் புண்ணுக்குக் காரணம்.

சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும். தீபாவளி முந்திய நாள் வந்து உட்காருபவருக்கு இதைச் செய்ய வழியில்லை, "முடியாதம்மா" என்று சொல்லும் துணிச்சலும் பாடத்தில் ஒன்று. கடையில் வாங்கும் கறுப்பு மருதாணிப் பொடிகளில் பாரா-பினைலீன்டையமின் (PPD) என்ற சாயப்பொருள் கலந்திருப்பது உண்டு, ஒவ்வாமை பெரும்பாலும் இதனால் வருகிறது. சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி நொறுங்கும். எனவே "மருதாணி போட்டீங்களா, எந்தப் பெட்டி?" என்பதே முதல் கேள்வி.

ரிபாண்டிங்கும் அப்படித்தான். கிரீம் முடியின் உள்பிணைப்பைத் தளர்த்தும். வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தடவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இழையை இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் மெல்ல நீண்டு நின்றால் போதும், உடனே கழுவிவிட வேண்டும். நூடுல்ஸ் போல் குழைந்தால் தாண்டிவிட்டது. பிறகு முழுதாக உலர்த்திய பின்தான் இஸ்திரி. ஈரம் மிச்சமிருந்தால் முடிக்குள் நீர் ஆவியாகிக் குமிழி கட்டும், அந்த இடத்தில் ஒடியும். கடைசியில் பிணைப்பை மீண்டும் இறுக்கும் நியூட்ரலைசர், அதன் நேரத்தைக் குறைத்தால் ஒரு மாதத்தில் சுருள் திரும்பும். வெளிறவைத்த முடிக்கு ரிபாண்டிங் செய்யக் கூடாது. இத்தனையையும் காணொளியில் பார்த்து ஒருவர் தலையில் முயல்வதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

மறைவான செலவுகள் நிறைய. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மோட்டாரில் போய்வர ஒரு நாளைக்கு 60, மாதம் 22 நாளென்றால் 1,320 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடும் வண்டிக்கு முப்பது லிட்டர். அரசின் பெட்ரோல் மானியமான பூடி95-இன் சலுகை விலை 1.99 ரிங்கிட் என்று பிடித்தால் அறுபது ரிங்கிட்தான் எண்ணெய். மழை, டயர், எஞ்சின் எண்ணெய், நெடுஞ்சாலை லாரி எல்லாம் தனி. கிள்ளான், கோலாலம்பூர் என்றால் அறை வாடகையும் சாப்பாடும் கட்டணத்தையே மிஞ்சலாம். உபகரணப் பெட்டி கட்டணத்துக்குள் அடங்குமா, பொம்மைத் தலை எத்தனை, மறுதேர்வுக்குக் காசா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். மிக முக்கியமான கேள்வி: உயிருள்ள மாடல் எத்தனை பேரை அகாடமியே கொண்டுவரும், எத்தனை பேரை மாணவர் அழைத்துவர வேண்டும்? "நீங்களே கூட்டிட்டு வரணும்" என்றால் தோட்டத்திலிருந்து ஆளை ஈப்போவுக்கு ஏற்றிச் செல்லும் செலவும் உங்களுடையது.

## கைப்பேசிக் காணொளி

வெட்டு முறையை மெதுவாகத் திரும்பத் திரும்பப் பார்க்க நல்லது. 90 டிகிரியில் முடியைத் தூக்கி வெட்டினால் சம அடுக்கு, 45-இல் கனம் கீழே சேரும் என்பதையெல்லாம் கடையில் யாரும் வரைந்து காட்டமாட்டார்கள், காணொளி காட்டும். பிடித்த கையின் இறுக்கம் மட்டும் திரையில் தெரியாது. சுருள் முடியை ஈரத்தில் இழுத்து வெட்டினால் காய்ந்ததும் இரண்டு விரல் மேலே ஏறிவிடும். துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழியாக வைக்காதீர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கடை | சமூகக் கல்லூரி | அகாடமி | காணொளி |
|---|---|---|---|---|
| உயிருள்ள தலைகள் | மிக அதிகம் | சிலவே | மாடல் ஏற்பாட்டைப் பொறுத்தது | வீட்டார் மட்டும் |
| ரசாயனப் பாடம் | பலவீனம் | தொடக்கம் | வலு | ஆபத்து |
| பெண்கள் முடி, அழகு | குறைவு | உண்டு | உண்டு | பார்க்கலாம் |
| சான்றிதழ் | தானாக வராது | பங்கேற்பு | எஸ்.கே.எம். | இல்லை |
| இழக்கும் சம்பளம் | குறைவு | ஏறத்தாழ இல்லை | அதிகம் | இல்லை |

## இரண்டையும் இணைக்கும் பாதை

பலருக்குத் தெரியாத ஒன்று எஸ்.எல்.டி.என்., தேசிய இரட்டைப் பயிற்சி முறை. 2005 முதல் நடப்பது. பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதி பயிற்சி மையத்தில். முடிவில் எஸ்.கே.எம். முதலாளி இதில் பதிந்துகொள்ள ஒப்பினால் கடையின் தலைகளும் வகுப்பின் பாடமும் ஒன்றாகக் கிடைக்கும்.

முதலாளி ஒப்பவில்லையென்றால் பி.பி.டி. இருக்கிறது, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழி. வகுப்பில் உட்காராமல், செய்த வேலையின் சான்றுகளைத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டில் தேறினால் எஸ்.கே.எம். பெறலாம்.

## யாருக்கு எது

வீட்டில் இப்போதே வருமானம் வேண்டும், பையன் ஆண்கள் வெட்டில் நிலைக்க நினைக்கிறான் என்றால் சுத்தமான கடையில் விடுங்கள். ஓராண்டில் கை படிந்துவிடும். ரசாயனத்துக்கு மட்டும் பின்னால் தனிப் பாடம் எடுக்கலாம்.

மகள் சலூனில் சாயம், ரிபாண்டிங் செய்ய விரும்பினாலோ, பெரிய நகரத்தில் வேலை தேட நினைத்தாலோ அகாடமிதான். சம்பளமில்லாத மாதங்களைத் தாங்க வீட்டால் முடியாவிட்டால், முதலில் ஓர் அழகு நிலையத்தில் ஆறு மாதம் உதவியாளராக இருந்து காசு சேர்க்கட்டும். அந்த ஆறு மாதத்தில் தலை அலசவும் முடி உலர்த்தவும் வேகம் வந்துவிடும், அகாடமியில் அதற்குச் செலவாகும் நேரம் மிச்சம்.

வீட்டு வேலை, பிள்ளைகள் என்று இருப்பவர், முகூர்த்த நாட்களில் மட்டும் ஒப்பனைக்குப் போக நினைப்பவர், சமூகக் கல்லூரியோடு தொடங்கலாம். வணிகப் பெயரில், நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவுக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட். கடை திறந்தால் ஊராட்சி மன்ற உரிமமும் சுகாதாரப் பரிசோதனையும் சேரும்.

பிள்ளைக்கு இன்னும் மனம் தெளியவில்லை என்றால் எங்கும் காசு கட்ட வேண்டாம். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் கடையில் நிற்கட்டும். கால் வலி தாங்குகிறதா என்று அவனே சொல்வான்.

எந்த வழியில் போனாலும் முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். தேதி, என்ன வெட்டு, எந்த நம்பர் சீப்பு, எத்தனை நிமிடம், எங்கே தவறியது, சாயமென்றால் எந்த டெவலப்பர், எவ்வளவு நேரம். வாடிக்கையாளர் சம்மதித்தால் முன்னும் பின்னும் ஒரு படம். மாதக் கடைசியில் முதலாளியின் கையெழுத்து. இரண்டாண்டு கழித்து பி.பி.டி. மதிப்பீட்டாளர் கேட்கும் சான்று இதுதான், அப்போது உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத முடியாது.